யானை ஆற்றில் இறங்கும் நாள்

மஞ்சக்குப்பம், கடலூர்
9 ஜூன் 2025

மச்சான்,

உறை மேல என் பேரைப் பார்த்ததும் கிழிச்சுப் போடாம இதுவரைக்கும் வந்துட்டியே, அதுவே பெரிய விஷயம். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. என் நம்பர், ஆபீஸ் நம்பர் எல்லாத்தையும் பிளாக் பண்ணி வச்சிருக்கன்னு பவானி சொல்லி அழுதா. கூடப்பிறந்த தங்கச்சி புருஷன் நான். சரி, உன் இஷ்டம்.

விஷயத்துக்கு வரேன். வரதம் மோட்டார்ஸுக்கு இந்த வருஷம் அம்பது வயசு. பொன்விழா மலர் போடறோம். கம்பெனி வரலாறு ஒண்ணு வேணும். சென்னையில ஒரு ஏஜென்சிக்காரன் எழுதிக் கொடுத்தான். படிச்சா லாரி செய்யற கம்பெனியா, ஷாம்பு செய்யற கம்பெனியான்னே தெரியல. ஸ்ரீதர் சார், அதான் பெரியவரோட பையன், இப்ப அவர்தான் எம்.டி., "பழைய ஆளுங்கள்ல நல்ல தமிழ் எழுதறவங்க யாரும் இல்லியா?"ன்னு கேட்டார். வாய் தவறி உன் பேரைச் சொல்லிட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம், "எழுதட்டும். பதினெட்டு வருஷம் ஆச்சே"ன்னுட்டார்.

விழா ஆகஸ்ட் மூணு, ஆடிப் பெருக்கன்னிக்கு. கொள்ளிடத்துல, அதே பழைய துறையில. நம்ம கம்பெனி செஞ்ச முதல் வண்டி, 'யானை', அதை ஷெட்லேர்ந்து இழுத்து வந்து புதுசாக்கிட்டு இருக்கோம். கரையில பூஜை போட்டு, ஆத்துல இறக்கி, நடுத்திட்டு வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பணும். ஓட்டப் போறது யார் தெரியுமா? என் பொண்ணு, உன் மருமக கயல்விழி! டிசைன் செக்‌ஷன்ல சேர்ந்து ரெண்டு வருஷத்துல இந்தப் பேரு. பழைய வழக்கப்படி வேலை செஞ்சவங்க குடும்பமெல்லாம் பின்னாடி ஏறும்.

எழுதித் தருவியா?

கலியமூர்த்தி

---

மேலவீதி, சிதம்பரம்
14 ஜூன் 2025

கலியமூர்த்திக்கு,

போனில் பேசுவதில்லை என்பது நான் கோபத்தில் எடுத்த முடிவு அல்ல. 2007 விசாரணையின்போது, நீ என்னிடம் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் சொல்லவே இல்லை என்று சாதித்தாய். காகிதத்தில் இருப்பதை அப்படிச் சாதிக்க முடியாது. ஆகவே எழுது. நானும் எழுதுகிறேன்.

வரலாறு எழுதித் தருகிறேன். ஆனால் முழு வரலாறு. பாதி வேண்டுமென்றால் அந்த ஏஜென்சிக்காரனே போதும்.

முதல் அத்தியாயம் இப்படித் தொடங்கும்:

"ஐப்பசி மழையில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றப் போன லாரிகள் வயலிலேயே புதைந்தன. பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி, சேற்றில் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். எல்லாச் சக்கரமும் இழுத்தால்தான் வெளியே வரும். 1975இல் கடலூர் முதுநகரில் ஒரு தகரக் கொட்டகையில் வரதராசன் இந்த ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். ராணுவம் கழித்துக் கட்டிய பழைய லாரிகளை ஏலத்தில் எடுத்தார். அவற்றின் முன் அச்சுகளைக் கழற்றி அளந்து, வார்த்து, கடைந்து, மூன்றாம் வருடம் சொந்தமாக ஒரு வண்டி செய்தார். ஆறு சக்கரமும் இழுக்கும். அதற்கு யானை என்று பெயர் வைத்தவர் அவரல்ல. கரும்பு வெட்ட வந்த பெண்கள்."

பெரியவரைப் பற்றி எழுதும்போது என் பேனா தயங்கவில்லை. அவர் இருந்தவரை அந்த ஆலைக்குள் ஒருவன் தலைநிமிர்ந்து நடக்க முடிந்தது. மற்றவர்களைப் பற்றி எழுதும் இடம் வரும்போது பார்ப்போம்.

நான் இப்போது தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் பாடம் நடத்துகிறேன். பரிசோதனைப் பிரிவின் தலைமைப் பொறியாளனாக இருந்தவன், பையன்களுக்கு கிளட்ச் படம் போட்டுக் காட்டுகிறேன். உனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் விசாரித்ததில்லை.

இளவரசு

---

கடலூர்
25 ஜூன் 2025

மச்சான்,

பிரமாதம்! ஸ்ரீதர் சார் ரெண்டு தடவை படிச்சார். கரும்பு வெட்டற பொம்பளைங்க பேர் வச்சாங்கன்னு அவருக்கே தெரியாதாம். ராணுவ ஆர்டர், நெய்வேலி சுரங்கத்துக்கு வண்டி கொடுத்தது, சுனாமி அப்ப தேவனாம்பட்டினம் மணல்ல நம்ம வண்டி மட்டும் போனது, தானே புயல், எல்லாத்தையும் இதே மாதிரி எழுது.

2007ஐ மட்டும் ஒரு வரியில தாண்டிடு. "சில சோதனைகளைக் கடந்து"ன்னு போட்டாப் போதும். கல்யாண வீட்டுல யாராவது ஒப்பாரி வைப்பாங்களா? எழிலரசியையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கோம். புருஷன் ஆரோக்கியராஜ் போனதுலேர்ந்து அந்தம்மா கம்பெனிப் பக்கமே வந்ததில்ல. இந்தத் தடவையும் பதில் இல்ல.

யானை வேலை ஜோரா நடக்குது. எஞ்சின் ஒரே தட்டுல எழுந்திடுச்சு. வடலூர்க்காரன் ஒருத்தன், பெயின்ட்டர், கைக்குத் தங்கக் காப்பு போடலாம். துரு தின்ன இடமெல்லாம் தேய்ச்சு, ஒரு பொத்தல் விடாம பட்டி பார்த்திருக்கான். அடிப்பக்கம் படுத்துப் பார்த்தாக்கூட கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு.

கயல் உன்னைக் கேட்டா. "மாமாதானேப்பா எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தது? அவுங்க வராம எப்படி?"ங்கறா. நான் என்னத்தச் சொல்ல?

கலியமூர்த்தி

---

சிதம்பரம்
3 ஜூலை 2025

கலியமூர்த்திக்கு,

ஒரு வரியில் தாண்டச் சொன்ன அத்தியாயத்தை முழுதாக எழுதியிருக்கிறேன். அச்சில் வராவிட்டாலும் நீ படித்தாக வேண்டும்.

"வரதம் வண்டிகளில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் இருக்கிற உறையின் அடியில் கட்டைவிரல் பருமனில் ஒரு துளை உண்டு. கசியும் எண்ணெய் வெளியே சொட்டுவதற்காக. தரையில் ஓடும்போது அது திறந்திருக்க வேண்டும். ஆற்றில் இறங்குமுன் பித்தளைத் திருகு ஒன்றால் அதை அடைத்தாக வேண்டும். மறந்தால் மணலும் தண்ணீரும் கிளட்சுக்குள் போகும். எஞ்சின் கத்தும், சக்கரம் திரும்பாது.

மறக்கக் கூடாது என்பதற்காகவே பெரியவர் ஒரு வழக்கம் வைத்தார். வண்டி ஆற்றில் இறங்கும் நாளில் அந்தத் திருகைப் பூஜைத் தட்டில் வைப்பார்கள். சூடம் காட்டியதும், எஞ்சினைப் பூட்டிய தொழிலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்து முடுக்குவான். அவன் வெளியே வந்து கையைத் துடைத்த பிறகுதான் குடும்பங்கள் ஏறும். செய்தவன் பெண்டாட்டி பிள்ளை ஏறாத வண்டியை ஊருக்கு விற்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

2007 ஆடிப் பெருக்கு. பெரியவர் படுக்கையில் இருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த மகன் விழாவை நடத்தினார். தட்டில் சந்தனம் குங்குமத்தோடு பளபளத்த பித்தளையைப் பார்த்தார். அழகாக இருந்திருக்க வேண்டும். எடுத்து, பொன்னாடையோடு சேர்த்து, சிறப்பு விருந்தினருக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்தார். கைதட்டினார்கள். அதைத் திருப்பிக் கேட்க யாருக்கும் துணிவில்லை. வண்டி இறங்கியது. பாதி ஆற்றில் நின்றது. மேலே மதகு திறந்திருந்தார்கள். எஞ்சினைப் பூட்டிய ஆரோக்கியராஜ் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் ஏற்றினான். அவனை ஏற்ற ஆளில்லை."

நான் திருகைத் தட்டில் வைத்துவிட்டுப் போய், எதிர்க்கரையில் மீட்பு வண்டியோடு நின்றேன். விதிப்படி என் இடம் அது. பழி என் மேல் விழுந்தது. திருகைத் தட்டில் நான் வைக்கவே இல்லை என்று விசாரணையில் ஒருவன் சொன்னான். அந்தத் தட்டைக் கையில் ஏந்தி நின்றவன் அவன்தான். பெயர் எழுத வேண்டுமா?

இப்போது ஒரே ஒரு கேள்வி. நீங்கள் புதுசாக்குகிற யானைக்கும் அதே துளை உண்டு. அதன் திருகு எங்கே?

இளவரசு

---

கடலூர்
11 ஜூலை 2025

மச்சான்,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். பவானி கேட்டா, ஒண்ணும் இல்லேன்னேன்.

நான் யாரைக் காப்பாத்தினேன், ஏன் காப்பாத்தினேன்னு உனக்குப் புரியாது. அப்ப கயலுக்கு ஆறு வயசு. உன்கூட நானும் வெளிய வந்திருந்தா அவளை யார் படிக்க வச்சிருப்பா? நீயா? கல்யாணமே வேணாம்னு உக்காந்திருக்கறவனுக்கு நியாயம் பேசறது சுலபம்.

திருகு கிருகுன்னு எதுவும் ஸ்டோர்ல இல்ல. வண்டியைப் பிரிச்ச பசங்களைக் கேட்டேன். "அப்படி ஒரு பார்ட்டே லிஸ்ட்ல இல்ல சார்"ங்கறாங்க. நாப்பத்தேழு வருஷத்து வண்டி, எத்தனை தடவை மாத்திப் பூட்டியிருப்பாங்களோ. ஸ்ரீதர் சார்கிட்டயும் சொன்னேன். சிரிச்சார். "உங்க மச்சான் விழாவை நிறுத்தறதுக்கு வழி தேடறாரா?"ன்னார். நானும் அதைத்தான் நினைக்கறேன். கோவிச்சுக்காத. பதினெட்டு வருஷமா எந்தப் பேச்சை எடுத்தாலும் நீ அந்த ஆத்துல கொண்டு போய்த்தான் விடற. இப்ப நெஜமாவே சொல்றியா, வழக்கம்போலச் சொல்றியான்னு எப்படித் தெரியும்?

கலியமூர்த்தி

---

சிதம்பரம்
17 ஜூலை 2025

கலியமூர்த்திக்கு,

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே இருப்பது பித்தளைத் திருகு. பரிசோதனைப் பிரிவில் என் மேசை மேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த உபரி. என்னை வெளியேற்றிய அன்று என் சட்டைப்பையில் அது இருந்தது. வாசலில் சோதித்த காவலாளி நல்ல மனிதன். யானையிலிருந்து கடைசி வண்டி வரை எல்லாவற்றுக்கும் ஒரே மரைதான். பொருந்தும்.

கயலிடம் கொடு. ஸ்ரீதரிடம் அல்ல. உன்னிடமும் அல்ல. நீ வெறும் தபால்காரன்.

நான் வழக்கம்போலத்தான் சொல்கிறேன். வழக்கம்போலச் சொன்னதாலேயே அது பொய்யாகிவிடாது.

அந்தத் துறையில் இப்போது அடியாழம் எப்படி என்று பார்க்கப் போயிருந்தேன். திட்டுக்கும் கரைக்கும் நடுவே மணல் அள்ளி அள்ளி மடுவாகிவிட்டது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "இங்க மாட்டை ஓட்டக்கூட நாங்க விடறதில்ல சார். நீங்க லாரியா ஓட்டப் போறீங்க?" என்றார். நான் ஓட்டவில்லை என்றேன். "அப்ப யாரு?" என்றார்.

இளவரசு

---

கடலூர்
28 ஜூலை 2025

மச்சான்,

உனக்கு நல்ல சேதி. பொறுமையாப் படி.

பொட்டலம் வந்தது. நீ சொன்ன மாதிரி கயல் கையிலயே கொடுத்தேன். அவளும் டார்ச்சை எடுத்துக்கிட்டு வண்டிக்கடியில படுத்து முழுசாத் தேடினா. துளையே இல்ல மச்சான். உறையோட அடிப்பக்கம் வழவழன்னு இருக்கு. அவளே கையால தடவிப் பார்த்துட்டு, "மாமா வேற மாடலை நினைச்சுக்கிட்டுச் சொல்றாங்கப்பா. இதுல இல்ல"ன்னுட்டா. அவ சொன்னா நீ நம்புவியில்ல?

ஆனா உன் திருகு வீணாப் போகல. ஸ்ரீதர் சார் அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாள் பத்திரமா வச்சிருந்தாரா?"ன்னார். கண்ணு கலங்கிடுச்சு, சத்தியமா. அப்பறம் அவரே ஒரு முடிவு எடுத்தார். பெரியவர் காலத்து வழக்கப்படி திருகு பூஜைத் தட்டுல இருக்கும். சூடம் காட்டினதும், அதைத் தேக்குச் சட்டத்துல வெல்வெட் மேல பதிச்சு, மேடையில உன்னைக் கூப்பிட்டு, பொன்னாடை போத்தி, உனக்கே நினைவுப் பரிசாக் கொடுக்கப் போறார். மலர்ல "வரலாறு: பொறியாளர் இளவரசு, முன்னாள் பரிசோதனைப் பிரிவுத் தலைவர்"னு போடறோம். முன்னாள்னாலும் தலைவர். இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படி மன்னிப்பு கேட்பார்?

2007 அத்தியாயம் மட்டும் வரல. இடம் பத்தல.

வந்துடு மச்சான். தட்டை நானேதான் ஏந்தப் போறேன்.

கலியமூர்த்தி

---

சிதம்பரம்
1 ஆகஸ்ட் 2025, காலை

கலியமூர்த்திக்கு,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. படித்ததும் என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? பொன்னாடைக்கு எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்பதுதான். இரண்டாவது நினைப்பு வந்தபோது சட்டை மறந்துபோயிற்று.

பட்டி. வடலூர்க்காரன் ஒரு பொத்தல் விடாமல் பட்டி பார்த்ததாக நீதான் எழுதினாய். ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். துளை இல்லாமல் போகவில்லை. அதைப் பட்டியால் நிரப்பி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறான். கயல் தடவியது இரும்பை அல்ல.

கரையில் அது நிற்கும். முழங்கால் தண்ணீரிலும் நிற்கும். வண்டி கொஞ்சம் ஓடி உறை சூடேறிய பிறகு குளிர்ந்த தண்ணீர் அழுத்தும்போதுதான் விடும். அதாவது மடுவில். அங்கே விட்டால் மறுபடி அடைக்க யாராலும் முடியாது. ஆரோக்கியராஜ் முயன்று பார்த்தான்.

கயலுக்குப் போன் செய்தேன். ஆமாம், போன் செய்தேன். துளை இருக்கிறது என்றேன். "மாமா, நானே பார்த்தேன் மாமா. இல்லாத ஓட்டையை எங்கேர்ந்து கொண்டு வர?" என்று சிரித்தாள். "உன் அப்பன் மாதிரியே பேசுகிறாய்" என்று கத்திவிட்டேன். அதற்கு மேலும் ஏதேதோ சொன்னேன். பட்டியைப் பற்றிச் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதன் பிறகு எடுக்கவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அவளுக்கும் வந்திருக்கிறது.

நான் வருகிறேன். கடலூருக்கு அல்ல. அந்த ஆலை வாசலில் என்னைச் சட்டைப்பை தடவி வெளியே அனுப்பினார்கள். அங்கே போய் நின்று, ஐயா உள்ளே விடுங்கள் என்று கேட்க மாட்டேன். ஆறு யார் அப்பன் சொத்தும் அல்ல. ஞாயிறு பெருக்கன்று விடிவதற்குள் துறையில் இருப்பேன். பையில் உளி, சுத்தி, முடுக்குச் சாவி இருக்கும். சூடம் எரியும்போதே தட்டிலிருந்து திருகை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் புகுவேன். பைத்தியம் என்று சொல்லிக்கொள். காலைப் பிடித்து இழுக்க ஆள் வந்தால் தடுத்து நிறுத்து. பதினெட்டு வருடத்தில் உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். இதை மட்டும் செய்துவிட்டால், மற்றதை நான் இனி எழுதவும் மாட்டேன், பேசவும் மாட்டேன்.

சட்டம் போட வேண்டாம் என்று ஸ்ரீதரிடம் சொல். திருகு தளர்வாக இருக்கட்டும்.

இதைக் கூரியரில் போடுகிறேன். நாளைக்குள் உன் கையில் இருக்கும். உன் எண்ணைத் திறந்து பேசலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வேண்டாம். நாளை நீ சொல்லவே இல்லை என்பாய்.

இளவரசு

---

கடலூர்
1 ஆகஸ்ட் 2025, மாலை

மச்சான்,

அவசரமா எழுதறேன். காலையிலேர்ந்து உனக்குப் போன் மேல போன். இன்னும் பிளாக்லதான் வச்சிருக்க. பவானி போன்லேர்ந்தும் அடிச்சேன், அதையும் எடுக்கல. என் குரல்தான் வரும்னு நினைச்சிருப்ப. காலேஜ்ல கேட்டா, லீவு போட்டுட்டார்ங்கறாங்க. அதனால இதைக் கூரியர்ல போடறேன்.

விழாவை ஒருநாள் முன்னுக்குத் தள்ளிட்டோம். பெருக்கன்னிக்குக் கரை முழுக்கக் கூட்டம் இருக்கும், வண்டி இறக்க அனுமதி கிடைக்காதுன்னுட்டாங்க. மேலேயும் தண்ணி ஜாஸ்தியாத் திறந்திருக்காங்களாம், ஞாயித்துக்கிழமை ஏறிடும்ங்கறாங்க. அதுக்குள்ள முடிச்சுடலாம்னு ஸ்ரீதர் சார் சொல்லிட்டார். நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பூஜை. உன் கையில இது கிடைக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும்னு தெரியும். மேடையில உன் பேரை வாசிக்கறப்ப உன் சார்பா நான்தான் வாங்கிக்கணும்னு சார் சொல்றார். வாங்கி வந்து உன் வீட்டுல கொடுக்கறேன். அப்பவாவது கதவைத் திற.

திருகைச் சட்டத்துல பதிச்சாச்சு. வெல்வெட் மேல அப்படியே கோயில் நகை மாதிரி மின்னுது. எடுக்க முடியாத மாதிரி பசை போட்டு ஒட்டச் சொல்லிட்டேன். கூட்டத்துல யாராவது கை வைப்பாங்க பாரு.

நீ போன்ல கத்தினதுல கயல் அழுதுட்டா. ஆனா ராத்திரியே சரியாயிட்டா. "மாமாவைப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டணும்னு இருந்தேன்"னா. பின்னாடி பவானி உக்காரப் போறா. எழிலரசியும் கடைசியில வரேன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாங்க, ஆனா ஏற மாட்டாங்களாம், கரையிலயே நிக்கறாங்களாம். அது அவுங்க இஷ்டம்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். உன் மனசு சமாதானம் ஆவறதுக்காகச் சொல்றேன். இன்னிக்கு மத்தியானம் யானையை எஞ்சின் ஓட்டி, சூடா இருக்கறப்பவே தண்ணி பீய்ச்சிக் கழுவினாங்க. உறைக்கு அடியில ஒரு இடத்துல மட்டும் பெயின்ட் கொஞ்சம் பொரிஞ்சு, ஒரு சில்லு விழுந்துடுச்சாம். பெயின்ட்டரைக் கூப்பிட்டு அந்த இடத்துல மறுபடி நல்லாப் பட்டி வச்சுத் தேய்ச்சு, ரெண்டு கோட் அடிக்கச் சொல்லிட்டேன். இப்பதான் போய்ப் பார்த்துட்டு வரேன். எங்க விழுந்துச்சுன்னே தெரியல மச்சான், கண்ணாடி மாதிரி இருக்கு.

கலியமூர்த்தி